சந்தோஷத்துக்கு ஒரு வைஸ் பிரசிடெண்ட்

எம்.வி. பெனிவலண்ட் ஜாய் என்ற கப்பலில் சந்தோஷமாக இல்லாமல் இருப்பதற்கு யாருக்கும் அனுமதி கிடையாது. கம்பெனி உத்தரவு அப்படி. எஞ்சின் ரூமில், சாப்பாட்டு அறையில், கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில்கூட, பல் தெரியச் சிரிக்கும் டால்பின் படம் ஒன்றை ஒட்டி, அதன் கீழே 'நீ சந்தோஷமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். பதில் எழுத இடம் விடவில்லை. பதில் கம்பெனிக்கு ஏற்கெனவே தெரியும்.

கம்பெனியின் பெயர் பெனிவலண்ட் மரைன். தலைமை அலுவலகம் டெக்ஸாஸில், சுகர் லேண்டில். அங்கிருந்து கடலைப் பார்க்க ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் டிரைவ் பண்ண வேண்டும், யாரும் பண்ணுவதில்லை. ஒரு முறை இந்தக் கம்பெனியின் வேறொரு கப்பலில் ஒரு மாலுமி, மாதக்கணக்காகத் தரையில் கால் வைக்க விடவில்லை என்று அழுதபடி ஒரு வீடியோ போட்டான். அது ஊரெல்லாம் சுற்றியது. சாதாரணக் கம்பெனியாக இருந்தால் மாலுமிகளைத் தரையில் கால் வைக்க விட்டிருக்கும். பெனிவலண்ட் பெரிய கம்பெனி. அது ஒரு டிபார்ட்மெண்ட் ஆரம்பித்தது. பெயர் 'க்ரூ ஹேப்பினஸ்'. அதற்கு ஒரு வைஸ் பிரசிடெண்டையும் போட்டது.

அவர்தான் ஜம்புநாதன். அதற்கு முன் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் கேண்டீன் திருப்தியை மேனேஜ் பண்ணிக்கொண்டிருந்தார். கப்பல் அனுபவம் உண்டா என்று கேட்டால் உண்டு. குடும்பத்தோடு பஹாமாஸுக்கு ஒரு க்ரூஸ் போயிருக்கிறார். பேசுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த க்ரூஸ் ஒரு முறையாவது வந்து போகும்.

எந்தக் கப்பலும் தினமும் மதியம் அலுவலகத்துக்கு 'நூன் ரிப்போர்ட்' அனுப்பும். எங்கே இருக்கிறோம், எவ்வளவு எண்ணெய் மிச்சம், காற்று எப்படி என்கிற விவரம். ஜம்புநாதன் வந்த பிறகு அதில் சந்தோஷமும் சேர்ந்தது. கப்பலில் இருப்பவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் சந்தோஷம்? கேப்டன் வெங்கடகிருஷ்ணன் தினமும் நூறு என்று போடுவார். புயலில் கப்பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பாதிப் பேர் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த அன்றைக்கும் நூறுதான்.

இதில் கேப்டனை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அலுவலகத்துக்கு உண்மை சொல்லக் கூடாது என்பது கப்பல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம். ஒரு பம்ப் ஒழுகுகிறது என்று எழுதினால் அலுவலகம் புது பம்ப் அனுப்பாது. ஏன் ஒழுகுகிறது, யார் ஒழுக விட்டது, இனி எந்த பம்பும் ஒழுகாமலிருக்க என்ன திட்டம் என்று கேள்விகளை அனுப்பும். அதனால் கடலில் எந்த பம்பும் ஒழுகுவதில்லை. சேனாபதிக்கு இதெல்லாம் அத்துப்படி. தூத்துக்குடிக்காரர், செகண்ட் எஞ்சினியர், பாதி வயசைக் கப்பலில் கழித்தவர். அலுவலகத்திலிருந்து சூப்பரிண்டெண்ட் வந்து "எப்படி இருக்கு செகண்ட்?" என்று கேட்டால், கையில் கட்டு, காலில் எண்ணெய், பின்னால் புகை என்று நின்றாலும் வாய் தானாகச் சொல்லிவிடும்: "ஆல் குட், சார்." இதில் மூளைக்கு எந்தப் பங்கும் கிடையாது. தும்மல் வருகிற மாதிரி அது வரும்.

இப்படிப்பட்ட சேனாபதிக்கு அந்தக் குளிர்காலத்தில் நிஜமாகவே ஒரு சந்தோஷம் வந்தது. கப்பல் சிலியில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தது. ரோட்டில் பனி உறையாமலிருக்க அமெரிக்காக்காரன் கொட்டுகிற உப்பு. எங்கே இறக்கப் போகிறோம் என்று செய்தி வந்தபோது, நூவர்க் என்றார்கள். நியூஜெர்சி. சேனாபதி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

நியூஜெர்சியில்தான் அவருடைய மகள் வெண்பா இருந்தாள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு. மாப்பிள்ளை அகிலனுக்கு பிஸ்கட்டவேயில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. பிரசவம் பார்க்க அவருடைய மனைவி மரகதமும் விசிட்டர் விசாவில் அங்கேதான் வந்திருந்தாள். கப்பல் பனாமாக் கால்வாயைத் தாண்டும்போது பேத்தி பிறந்துவிட்டாள். சிக்னல் கிடைத்த ஐந்து நிமிடத்தில் வந்த போட்டோவில் துணிச்சுருளும் ஒரு மூக்கும்தான் தெரிந்தன. அந்த மூக்கைக் கப்பலில் இருந்த எல்லாரிடமும் காட்டினார். டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான போசன், ரோடெல் என்கிற பிலிப்பினோ, மூக்கு செகண்டை மாதிரியே இருப்பதாகச் சொன்னான். அன்றிலிருந்து ரோடெல் கேட்டால் எஞ்சின் ரூமில் எந்தச் சாமானும் உடனே கிடைத்தது.

துறைமுகத்திலிருந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக், டர்ன்பைக் என்கிற நெடுஞ்சாலையில் அரை மணி நேரம். உப்பு இறக்க இரண்டு நாள் ஆகும். மரகதம் போனில் திட்டமெல்லாம் போட்டு வைத்திருந்தாள். அகிலன் காரைக் கொண்டு துறைமுக கேட்டுக்கு வருவான், உள்ளே விட மாட்டார்களாம், அதனால் கேட்டிலேயே நிற்பார்கள், இவர் நடந்து வந்தால் போதும்.

"குளிருக்கு நல்லாப் போத்திக்கிட்டு வாங்க. புள்ளையத் தூக்க முன்ன கைய சூடு பண்ணிக்கிடணும், வெண்பா கண்டிஷனா சொல்லிட்டா" என்றாள்.

கப்பலைக் கரையில் கட்டினார்கள். குடிவரவு அதிகாரிகள் ஏறி வந்து, முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் தரையிறங்க அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்கள். அமெரிக்க அரசாங்கத்துக்கு ஆட்சேபணையில்லை. சேனாபதி குளித்து, இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கேங்வே என்கிற அந்த இறங்கு படிக்கு வந்தபோது கேப்டன் வழிமறித்தார்.

"செகண்ட், ஒரு சின்ன விஷயம். இது ஷோர் லீவ் விழிப்புணர்வு வாரம்" என்றார்.

நல்லதுதானே என்றார் சேனாபதி. நல்லதுதான் என்றார் கேப்டன். ஷோர் லீவ், அதாவது கரையில் இறங்கிப் போய் வருகிற விடுப்பு, எவ்வளவு முக்கியம் என்று மாலுமிகளுக்குப் புரிய வைப்பதற்காக ஜம்புநாதன் சார் சுகர் லேண்டிலிருந்து நேரில் வருகிறாராம். அதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் ஷோர் லீவ் போகக் கூடாதாம். கூட்டம் நாளைக்கு. போக நினைக்கிறவர்கள் ஒவ்வொருவரும் அதற்குள் அபாய மதிப்பீடு தயார் பண்ண வேண்டும்.

கப்பலில் எந்த வேலை தொடங்குமுன்னும் அதில் என்னென்ன ஆபத்து, எப்படித் தடுப்பது என்று எழுதுவது வழக்கம்தான். ஆழமான தொட்டிக்குள் இறங்க, வெல்டிங் வைக்க, உயரத்தில் ஏற எழுதுவார்கள். பேத்தியைப் பார்க்க எழுதியதில்லை. கேப்டன் அலுவலகத்தில் உட்கார்ந்து இரண்டு பேருமாக ஆரம்பித்தார்கள்.

"குழந்தையைத் தூக்குவீங்கல்ல?"

"தூக்காம எப்படி சார்."

"அப்ப அது மேனுவல் ஹேண்ட்லிங். எடை எவ்வளவு?"

மூன்று கிலோ சொச்சம் என்றார் சேனாபதி. ஒரு ஆள் தூக்கலாம் என்று கேப்டன் மேனுவலைப் பார்த்து உறுதி செய்தார். பிடித்துத் தூக்க வசதியான இடங்கள் உண்டா, வழுக்குமா, திடீரென்று திரவம் வெளியேற வாய்ப்பு உண்டா என்று கேட்டார். உண்டு என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி சேர்ந்தது. சத்தம் அதிகமா என்றதற்கு மகளைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று சேனாபதி சொல்ல, எதற்கும் காதடைப்பானும் போட்டு வைத்தார்கள். இதெல்லாம் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம், இரண்டு பேருமே முகத்தைச் சுளிக்காமல் செய்தார்கள். கப்பலில் ரொம்ப நாள் இருந்தால் அப்படி ஆகிவிடும்.

சமையற்காரர் சுப்பையன் மதுரைப் பக்கத்துக்காரர். அவருக்கு வேண்டியது, இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கட்டு கறிவேப்பிலை. சிலியில் தொடங்கி அதில்லாமல் ரசம் வைத்து நொந்து போயிருந்தார். அவருடைய மதிப்பீட்டில் கேப்டன், 'பழைய ஊர் நினைப்பு வந்து மனம் தளரும் அபாயம்' என்று எழுதி, தடுப்பு நடவடிக்கையாக, 'கறிவேப்பிலையை முகர்ந்து பார்க்காமல் வாங்கவும்' என்று போட்டார்.

மறுநாள் காலை ஜம்புநாதன் ஏறினார். புத்தம்புது ஹெல்மெட், அதில் விலைச் சீட்டுகூட உரிக்கப்படவில்லை. கூட ஸ்ம்ருதி என்கிற உதவியாளர். இருபத்து சொச்சம் வயதுப் பெண், டெக்ஸாஸில் கேடி என்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் நன்றாகப் புரியும், வாசிக்கவும் தெரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். வெளியே கிரேன்கள் வாய் வாயாக உப்பை அள்ளிக் கரையில் மலையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. ஜம்புநாதன் அதைப் பார்த்து, இவ்வளவு ஸ்னோவா என்று கேட்டார். உப்பு என்று யாரும் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு உண்மை சொல்வதில்லை என்றுதான் முன்பே பார்த்தோமே.

சாப்பாட்டு அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஜம்புநாதன் பேசப் பேச, தமிழ் தெரியாதவர்களுக்கு ஸ்ம்ருதி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஃப்ரெண்ட்ஸ், ஷோர் லீவ்னா என்ன? எல்லாரும் நினைக்கறோம், கீழ இறங்கறது, வெளில போறதுன்னு. நோ. ஷோர் லீவ்ங்கறது ஒரு இடம் இல்லை, அது ஒரு மைண்ட்செட். நான் பஹாமாஸ் க்ரூஸ் போனப்போ எல்லாரும் இறங்கிப் போனா, நான் மட்டும் டெக்ல உக்காந்து அந்த ஐலண்டைப் பார்த்துண்டே இருந்தேன். தட் வாஸ் மை ஷோர் லீவ். இன்னொரு விஷயம் பெருமையாச் சொல்றேன். நம்ம டிபார்ட்மெண்ட் வந்ததுலேர்ந்து ஷோர் லீவ்ல நடந்த ஆக்ஸிடெண்ட் ஜீரோ. ஒரு கால் சுளுக்கு கிடையாது. இண்டஸ்ட்ரில எந்தக் கம்பெனியும் இதைப் பண்ணினதில்லை."

ஒருவரும் இறங்காவிட்டால் கால் எப்படிச் சுளுக்கும் என்று ரோடெல் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். பக்கத்தில் இருந்தவன் கை தட்டிக்கொண்டிருந்தான்.

"யாராவது அன்ஹேப்பியா இருந்தா தயங்காம சொல்லுங்க" என்று ஜம்புநாதன் தொடர்ந்தார். "அன்ஹேப்பியான ஒருத்தரை நாங்க கப்பல்ல ஒரு நிமிஷம்கூட வெச்சுக்க மாட்டோம். அவ்வளவு அக்கறை எங்களுக்கு. இதுவரைக்கும் ஒருத்தர்கூட சொன்னதில்லை. அதுலேர்ந்தே தெரியலையா?"

ஒரு நிமிஷம்கூட வைத்துக்கொள்ளாத ஆளை அடுத்த கப்பலுக்கும் கூப்பிட மாட்டார்கள் என்று ஒவ்வொருவருக்கும் புரிந்தது. இரண்டு வருஷமாக நூற்றுக்கு நூறு எப்படி வந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிறகு விளக்கை அணைத்து ஒரு வீடியோ போட்டார்கள். 'ஃபேமிலி கனெக்ட்' என்று பெயர் வந்தது. இசை வந்தது. அதன்பின் திரையில் மரகதம் வந்தாள்.

சேனாபதி எழுந்தே விட்டார். மரகதம்தான். அகிலனுடைய பெரிய ஜாக்கெட், காதை மூடிய மப்ளர், கையில் தூக்குச்சட்டி. ஜம்புநாதன் காலையில் உள்ளே வரும்போது துறைமுக கேட்டில் நின்றவளை யாரென்று விசாரித்து, ஸ்ம்ருதியை விட்டுப் படம் எடுத்திருக்கிறார். அந்த கேட் எங்கே இருக்கிறது? அறையின் வட்டச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் தெரிகிறது. அகிலனுடைய நீலக் கார்கூடத் தெரிகிறது. சன்னலுக்கு வெளியே நிற்கிற மனைவியை, சன்னலுக்குத் திரை போட்டுவிட்டு, டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார் சேனாபதி.

திரையில் மரகதம் சொன்னாள்: "நேத்துலருந்து நிக்கேன். புள்ளைய வீட்ல விட்டுட்டு வந்திருக்கேன். அவரை எப்ப விடுவீய? மனுசன்னா ஒரு ஈவு இரக்கம் வேண்டாமா?"

கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது: 'எங்கள் குடும்பம் பெருமைப்படுகிறது. நன்றி பெனிவலண்ட்.' ஸ்ம்ருதி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வரியை எழுதியது அவளில்லை, மேலே உள்ளவர் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

விளக்கு வந்தது. ஜம்புநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நிஜமாகவே. சேனாபதியின் தோளில் கை வைத்தார். "வைஃபைப் பார்த்தாச்சு. இப்ப சொல்லுங்கோ சேனாபதி. உங்க கப்பல் சார்பா உங்களைத்தான் கேக்கறேன். ஹவ் டு யூ ஃபீல்?"

அறை முழுக்க இவரையே பார்த்தது. சுப்பையன் கை கூப்பாத குறை. ரோடெல் கண்ணால் வாசலைக் காட்டினான். சேனாபதியின் மனதில் ஆயிரம் இருந்தது. கேட்டில் நிற்கிறவள், வீட்டில் இருக்கிற மூக்கு, இன்னும் ஒரே ஒரு பகல். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வாயைத் திறந்தார்.

"ஆல் குட், சார்" என்றது வாய்.

அவ்வளவுதான். ஜம்புநாதன் துள்ளிக் குதித்தார். பார்த்தீர்களா, குடும்பத்தோடு கனெக்ட் ஆகிவிட்டால் இறங்கிப் போக வேண்டிய அவசியமே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது, ஷோர் லீவ் என்பது தேவைப்படுகிறவர்களுக்கான மருந்து, இந்தக் கப்பலில் நோயாளியே இல்லை, இதை நியூஜெர்சி மாடல் என்று எல்லாக் கப்பலுக்கும் அனுப்பப் போகிறேன் என்றார். கூட்டம் முடிந்து எல்லாருக்கும் டால்பின் படம் போட்ட கோப்பை ஒன்று கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு கப்பலில் சேனாபதியோடு யாரும் பேசவில்லை. டீ கேட்டால் பால் இல்லை என்றார்கள். ரோடெல் அந்த மூக்கு செகண்டை மாதிரி இல்லவே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சுப்பையன்தான் மனசு கேட்காமல் எஞ்சின் ரூமுக்கே இறங்கி வந்தார்.

"என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீக" என்றார்.

"தெரியாம வந்துட்டுப்பா."

"அப்ப தெரிஞ்சு ஒருக்கா சொல்லுங்க. அந்த ஆளு சாயங்காலம் பிளேன் ஏறிருவாரு. கப்பலும் ராத்திரி கிளம்பிரும்."

சொன்னால் அடுத்த கப்பல் கிடையாது என்றார் சேனாபதி. தெரியும் என்றார் சுப்பையன். ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டுப் போனார். பால் இருந்தது.

சேனாபதி ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று யோசித்தார். இதை விட்டால் அவருக்கு ஒப்பந்தம் முடிய மூன்று மாதம். அதற்குள் மரகதத்தின் விசா முடிந்து அவள் ஊர் திரும்பிவிடுவாள். அமெரிக்காவுக்கு டிக்கெட் போட்டு வருவதெல்லாம் நடக்கிற காரியமா? அந்தக் குழந்தை நடந்து, பேசி, 'ஹை தாத்தா' என்று போனில் கையாட்டும் வயசில்தான் பார்க்க முடியும். அப்போது அது அவரைப் பார்த்து மிரளும். அடுத்த கப்பல் கிடைக்காது என்கிற பயத்தைவிட அந்த நினைப்பு பெரிதாக இருந்தது. பாய்லர் சூட் என்கிற வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் மேலே ஏறினார்.

கேப்டன் அறையில் ஜம்புநாதன் காபி குடித்துக்கொண்டிருந்தார். கேப்டன் நூன் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தார். சேனாபதி வாசலில் நின்று, வாயைக் கையால் ஒரு தரம் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துச் சொன்னார்.

"சார், நான் நல்லா இல்ல."

ஜம்புநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. காய்ச்சலா என்றார். இல்லை. வயிறா? இல்லை. "சந்தோஷமா இல்ல சார்" என்றார் சேனாபதி. கேப்டனின் விரல் தட்டச்சில் அப்படியே நின்றது.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? ஜம்புநாதன் பேரம் பேச ஆரம்பித்தார். கொஞ்சம் குறைவான ஹேப்பி என்று வைத்துக்கொள்ளலாமா? சில குறிப்புகளுடன் கூடிய ஹேப்பி? அடிப்படையில் ஹேப்பி, ஆனால் மேம்பாட்டுக்கு இடமுண்டு? சேனாபதி எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். "பேத்தியப் பாக்கணும். பாக்காம எனக்கு எதுவும் ஓடாது. அவ்வளவுதான்."

ஜம்புநாதனுக்கு வியர்த்தது. இரண்டு வருஷ நூற்றுக்கு நூறு. அது இவர் கப்பலில் இருக்கும்போதே உடைந்தால்? மதியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். சுகர் லேண்டுக்குப் போன் போட்டார். அங்கே பலர் கூடிப் பேசினார்கள். போனில் யாரோ பஹாமாஸ் என்று சொல்வதும் கேட்டது. கடைசியில் ஒரு புத்திசாலி வழி கண்டுபிடித்தான். நூன் ரிப்போர்ட் கேட்பது கப்பலில் இருப்பவர்களைப் பற்றித்தானே? மதியம் இந்த ஆள் கப்பலில் இல்லையென்றால்?

"ஆனா கேட்டுக்கு வெளிய இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா ரெஸ்பான்ஸிபிலிட்டி நம்மளுது" என்றார் ஜம்புநாதன். "யாராவது கையெழுத்துப் போட்டு இவரை வாங்கிக்கணும். கேப்டன், அதுக்கு ஏதாவது பேப்பர் இருக்கா?"

கப்பலில் ஒன்றை ஒப்படைக்க ஒரே ஒரு விதமான பேப்பர்தான் உண்டு. சரக்கு ஒப்படைக்கிற ரசீது. கேப்டன் அதைத்தான் எடுத்தார். உப்பு என்று இருந்த இடத்தில் சேனாபதி என்று போட்டார்.

துறைமுக வேன் அவரையும் ஸ்ம்ருதியையும் கேட்டில் கொண்டு இறக்கியது. மரகதம் காரிலிருந்து இறங்கி வந்தாள். ஓடி வரவில்லை, அவளுக்கு முழங்கால் வலி. பக்கத்தில் வந்து இவரை மேலும் கீழும் பார்த்தாள். ஸ்ம்ருதி கூச்சத்தோடு ரசீதை நீட்டி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினாள். அகிலன் வாங்கி வாசித்துச் சொன்னான்: "வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு போட்டிருக்கு அத்தை."

"எது நல்ல நிலை?" என்றாள் மரகதம். "கன்னம் ஒட்டிப் போயிருக்கு. கண்ணுக்குக் கீழ கறுத்துக் கெடக்கு. போகும்போது நான் அனுப்புன ஆளு இது இல்ல. இப்பிடி ஒரு பொய்யில நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

"ஆண்ட்டி, யூ கேன் ரைட் ரிமார்க்ஸ்" என்றாள் ஸ்ம்ருதி மெதுவாக. சரக்கு சேதமாகி வந்தால் வாங்குகிறவர் அதை ரசீதில் எழுதலாம் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருந்தது. மரகதம் காரின் பானட்டில் ரசீதை வைத்து, குளிரில் மரத்த விரலால், 'எடை குறைவு. தூக்கம் இல்லாமல் வந்திருக்கிறது' என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஸ்ம்ருதி அதை வாசித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த முறை அவள் அதை மொழிபெயர்க்கத் தயாராக இல்லை. அப்படியே சுகர் லேண்டுக்கு அனுப்பினாள்.

கார் கிளம்பப் போகும்போது வேன் மறுபடி வந்தது. சுப்பையன் இறங்கினார். அவரும் சந்தோஷமாக இல்லையாம். அவருக்குப் பின்னால் ரோடெல். நேற்றுவரை ஆடிப் பாடிய ரோடெல், தாங்க முடியாத துக்கத்தில் இருப்பதாகத் தகவல். அங்கே இன்னும் இரண்டு பேர் கப்பல் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மதியம் நெருங்க நெருங்க ஜம்புநாதன் துக்கப்பட்டவர்களை வேன் வேனாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட ஆள் இல்லாதவர்களுக்கு, ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து டாக்ஸி கொண்டு வந்த ஒரு குஜராத்தி பெரியவர் போட்டார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வாடகை வந்தால் சரி.

அகிலன் காரைக் கிளப்பாமல் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடைசி வேனில் கேப்டன் வெங்கடகிருஷ்ணன் வந்தார். கப்பலைச் சீஃப் ஆபீஸரிடம் ஒப்படைத்துவிட்டு, நாலு கோடு போட்ட சட்டையோடு, மப்ளர்கூட இல்லாமல் கீழே இறங்கி நின்றார். மரகதம் முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், எனக்குப் பதிலா ரிலீவர் வர வேண்டிய டேட் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. வீடு நங்கநல்லூர். இங்க என்னைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்க யாரும் இல்லை" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மரகதம் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி, ரசீதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். "பின்னால ஏறுங்க. தூக்குச்சட்டிய மடில வச்சுக்கிடுங்க, சாஞ்சிரும்" என்றாள்.

மதியம் பெனிவலண்ட் ஜாயிலிருந்து போன ரிப்போர்ட்டில், கப்பலில் இருப்பவர்களில் நூற்றுக்கு நூறு பேர் சந்தோஷம் என்று இருந்தது. ஜம்புநாதனே தன் கையால் அடித்தாராம். அதில் பொய் ஒன்றும் இல்லை. மிச்சமிருந்த நாலைந்து பேரும் சாயங்காலம் துக்கப்பட முறை போட்டு வைத்திருந்தார்கள்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் சேனாபதி வெந்நீரில் கையைச் சூடு பண்ணிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். வெண்பா குழந்தையைக் கொண்டு வந்து மடியில் வைத்தாள். அது கண்ணைத் திறந்து, யாரோ என்று பார்த்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, மறுபடி தூங்கிப் போனது. மூக்கு இவர் மூக்குதான். ரோடெல் என்ன சொன்னால் என்ன. சேனாபதிக்குக் கண் நிறைந்தது, துடைக்கக் கையில்லை, அப்படியே விட்டுவிட்டார். சாப்பாட்டு மேசையில் கேப்டன் சாக்ஸ் காலோடு உட்கார்ந்து சொதியும் இஞ்சித் துவையலும் மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது போன் அடித்தது. அகிலன் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தான். ஜம்புநாதன். ரிப்போர்ட் போயாச்சு, இனி எல்லாரும் திரும்பி வரலாம், வேன் ரெடி என்றார்.

"இப்ப எப்படி இருக்கீங்க சேனாபதி? ஹேப்பிதானே?"

சேனாபதி மடியைப் பார்த்தார். குழந்தை முழித்துவிடாமல், குரலைத் தாழ்த்தி, முழு மூளையோடு பதில் சொன்னார்.

"இன்னும் இல்ல சார். கொஞ்சம் கொஞ்சமா தேறிட்டு வாரேன், ராத்திரி ஆயிரும்னு நினைக்கேன்."

மேசையிலிருந்து கேப்டன் வாய் நிறையச் சோற்றோடு கையைத் தூக்கி ஆட்டினார். சேனாபதி அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, போன் பக்கம் திரும்பினார்.

"கேப்டன் என்னயவிட மோசமா இருக்காரு சார்."